சி.ஆர்.பி. 6.8 என்று வந்திருக்கிறது: சொரியாசிஸ் உள்ளவர் இதயத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

ஜெலுத்தோங்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. பினாங்கின் பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். பதினான்கு ஆண்டுகளாக எனக்குச் சொரியாசிஸ் உண்டு. முழங்கைகளிலும் முழங்கால்களிலும் தலையிலும் செதில் செதிலாக உதிரும். பூச்சு மருந்தைக் கொண்டே இதுநாள்வரை சமாளித்து வருகிறேன்.

நிறுவனத்தில் ஆண்டுக்கொரு முறை இரத்தப் பரிசோதனை நடக்கும். இம்முறை அதில் உயர் உணர்திறன் சி.ஆர்.பி. என்ற ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது. என் அளவு 6.8. அதற்கு நேரே சிவப்பு எழுத்தில் ‘இதய நோய் அபாயம் அதிகம்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். விளக்கம் சொல்ல அங்கே யாரும் இல்லை. தாளை உறையிலிட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். என் தந்தையார் 52 வயதில் மாரடைப்பால் காலமானவர் என்பதால், அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்த நாள்முதல் எனக்குச் சரியான உறக்கம் இல்லை. தோலில் இருக்கும் நோய் இதயம்வரை போகுமா? இந்த எண் என் தோலைக் காட்டுகிறதா, இதயத்தைக் காட்டுகிறதா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய நுண்நோக்கி எழுதியது:

வணக்கம் தம்பி. கோலாலம்பூரில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவமனை ஆய்வகத்தில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். மருத்துவன் அல்லன், ஆகவே உங்கள் இதயத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண்ணைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லலாம்.

சி.ஆர்.பி. என்பது சி-ரியாக்டிவ் புரோட்டீன், அதாவது ‘சி’யோடு வினைபுரியும் புரதம்; கல்லீரல் சுரப்பது. 1930ஆம் ஆண்டு நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர், நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் இதைக் கண்டார்கள். நிமோனியாக் கிருமியின் சுவரிலிருந்து பிரித்த ‘சி’ என்ற சர்க்கரைப் பொருளோடு இது சேர்ந்து படிந்ததால்தான் இந்தப் பெயர். அதாவது, இதயத்துக்கும் இதற்கும் ஆதியில் எந்தத் தொடர்பும் இல்லை. உடம்பில் எங்கேனும் அழற்சி ஏற்பட்டால் இன்டர்லூக்கின்-6 என்ற செய்திப்பொருள் கல்லீரலைத் தட்டி எழுப்பும். கல்லீரல் இதைச் சுரக்கும். எங்கே அழற்சி என்று அது சொல்லாது. பல்லிலா, மூட்டிலா, தோலிலா, தமனியிலா என்று பிரித்துக் காட்டும் அடையாளம் அந்தப் புரதத்தில் கிடையாது.

உயர் உணர்திறன் என்பதும் வேறொரு பொருளை அளப்பதன்று. அதே புரதத்தை மிகக் குறைந்த அளவிலும் துல்லியமாக அளக்கும் முறை, அவ்வளவுதான். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் குறைந்த அபாயம், 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் அதிகம் என்று 2003ஆம் ஆண்டு அமெரிக்க இதயச் சங்கமும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமும் வகுத்தன. 10ஐத் தாண்டினால் வேறு கிருமித்தொற்றோ காயமோ இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும்.

உங்களிடம் இரண்டு கேள்விகள். தாளில் அலகு என்ன போட்டிருக்கிறது? சில ஆய்வகங்கள் டெசிலிட்டர் கணக்கில் அச்சிடும். பத்து மடங்கு வேறுபாடு வந்துவிடும். இரண்டாவது, இரத்தம் எடுத்த நாள் எது? அதற்கு முந்தைய வாரத்தில் காய்ச்சல், சளி, பல்வலி, காயம் ஏதேனும் இருந்ததா?

ஜெலுத்தோங்வாசி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. அலகு லிட்டருக்கு மில்லிகிராம் என்றுதான் இருக்கிறது. காய்ச்சல், சளி எதுவும் இல்லை. இரத்தம் எடுத்தது தைப்பூசம் முடிந்த மூன்றாம் நாள். சொல்ல மறந்துவிட்டேன், நான் காவடி எடுத்தேன். லோரோங் கூலிட்டிலிருந்து வெறுங்காலோடு நடந்து, தண்ணீர்மலைப் படிகள் 513ஐயும் ஏறினேன். நாக்கில் சிறிய வேல். முதுகில் இரண்டு வரிசை கொக்கிகளில் எலுமிச்சம்பழங்கள். விபூதி வைத்த இடங்களில் புண் எதுவும் வரவில்லை. அதனால் அதைக் காயமென்று நான் நினைக்கவே இல்லை.

பழைய நுண்நோக்கி எழுதியது:

தம்பி, முருகன் அருளால் உங்களுக்கு வலி தெரியாமல் இருந்திருக்கலாம். உங்கள் கல்லீரலுக்குத் தெரிந்திருக்கும். தோலைத் துளைத்தாலும், பழகாத தசைகளை மணிக்கணக்கில் வருத்தினாலும், ஆறு மணி நேரத்துக்குள் சி.ஆர்.பி. ஏறத் தொடங்கும்; ஏறத்தாழ இரண்டு நாளில் உச்சத்தைத் தொடும். அதன் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம். தூண்டுதல் நின்றபிறகே அது பாதி பாதியாகக் குறையும். மூன்றாம் நாள் எடுத்த இரத்தத்தில் உங்கள் நேர்த்திக்கடனும் சேர்ந்து அளக்கப்பட்டிருக்கிறது என்றே நான் சொல்வேன். சிவப்பு மையால் அச்சிட்ட கணினிக்கு அது தெரிய வழியில்லை.

குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி விட்டு இரண்டு முறை எடுத்து, சராசரியைப் பாருங்கள். அதுவே நெறிமுறை.

செந்தூல் கணக்கர் எழுதியது:

மன்னிக்க வேண்டும், இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. காவடி எடுத்தால் ஏறும், பல்வலி வந்தால் ஏறும், உடல் பருத்தால் ஏறும் என்றால், அப்படிப்பட்ட எண்ணை வைத்து ஒருவரின் இதயத்தைப் பற்றி எப்படிப் பேசுவது? பரிசோதனைத் தொகுப்புகளின் விலையை ஏற்றுவதற்காகச் சேர்க்கப்படும் ஒன்றாகவே இது எனக்குத் தோன்றுகிறது. அதற்கும் சொரியாசிஸுக்கும் முடிச்சுப் போடுவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதைப் போன்றது.

பிரிக்பீல்ட்ஸ் மருந்தாளுநர் எழுதியது:

கணக்கர் அண்ணனின் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றிச் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமனியில் கொழுப்புப் படிவதை அடைத்துக்கொண்ட குழாயைப் போல் எண்ணிய காலம் ஒன்று இருந்தது. ஆனால் 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் விர்ஹோ, தமனிச் சுவரில் நடப்பது அழற்சி என்று எழுதினார். 1999இல் அமெரிக்க ஆய்வாளர் ரஸ்ஸல் ராஸ் அதை விரிவாக நிறுவிக் காட்டிய பிறகே கருத்து பொதுவாக ஏற்கப்பட்டது. சுவருக்குள் புகுந்த கொழுப்பை விழுங்க வெள்ளணுக்கள் வருகின்றன. விழுங்கியவை நுரை பொங்கியதைப் போல் வீங்கி அங்கேயே தங்கிவிடுகின்றன. அவை விடும் செய்திப்பொருள்கள் மேலும் வெள்ளணுக்களை அழைக்கின்றன. இந்தப் படிவின் மேல்மூடி மெலிந்து வெடிக்கும்போது இரத்தம் உறைந்து மாரடைப்பு வருகிறது.

இப்போது சொரியாசிஸுக்கு வருவோம். அது தோலின் மேற்பரப்பில் தொடங்கும் நோயன்று. நோயெதிர்ப்பு மண்டலத்தின் கோளாறு. டி-அணுக்கள் என்ற வெள்ளணுக்களில் ஒரு வகை இன்டர்லூக்கின்-23இன் தூண்டுதலால் இன்டர்லூக்கின்-17ஐ அளவுக்கு மீறிச் சுரக்கிறது. கட்டிச்சிதைவுக் காரணி (டி.என்.எஃப்.) என்ற இன்னொரு செய்திப்பொருளும் அதோடு சேர்ந்துகொள்கிறது. தோலணுக்கள் ஒரு மாதத்தில் முதிர்வதற்குப் பதிலாகச் சில நாட்களில் முதிர்ந்து செதிலாக உதிர்கின்றன. அதே செய்திப்பொருள்கள் இரத்தத்திலும் ஓடுகின்றன. தமனியின் உட்சுவரும் அவற்றுக்குச் செவிசாய்க்கிறது. ஆகவே மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் இடையில் இரத்தக் குழாய் ஒன்று ஓடத்தான் செய்கிறது, அண்ணன்.

2006இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பிரிட்டனின் பொது மருத்துவர்கள் வைத்திருந்த பதிவேடுகளைக் கொண்டு, இலேசான சொரியாசிஸ் உடைய 127,139 பேரையும் கடுமையான சொரியாசிஸ் உடைய 3,837 பேரையும் அது இல்லாதவர்களோடு ஒப்பிட்டார்கள். புகைபிடித்தல், நீரிழிவு, இரத்த அழுத்தம், கொழுப்பு, உடல் எடை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் மாரடைப்பு அபாயம் கூடுதலாகவே இருந்தது. கடுமையான நோயுள்ள 30 வயதினருக்கு அது 3.10 மடங்கு.

சி.ஆர்.பி.யைப் பற்றி அண்ணன் சொன்னதில் நியாயமான பாதி இதுதான்: அந்தப் புரதம் குற்றவாளி அன்று. பிறவியிலேயே சி.ஆர்.பி. சற்று உயர்ந்திருக்கும் மரபணு அமைப்புள்ளவர்களை ஆராய்ந்தபோது, அவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வரவில்லை. ஆனால் இன்டர்லூக்கின்-6இன் செய்தியை வாங்கும் ஏற்பியைத் தளர்த்தும் மரபணு வேறுபாடு உள்ளவர்களுக்கு இதய நோய் குறைவு என்று 2012இல் தெரியவந்தது. எனவே சி.ஆர்.பி.யைக் குறைப்பதே நோக்கமென்று மருந்து தேடுவதில் பொருளில்லை. அதை ஏற்றிவிடும் பாதையில் எதைத் தடுக்கிறோம் என்பதே கேள்வி.

செந்தூல் கணக்கர் எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி தம்பி. முடிச்சைப் பற்றிய என் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் கணக்குப் பார்த்தே பழகியவன் என்பதால் 3.10 என்பதை அப்படியே விட முடியவில்லை. அந்த ஆய்வைத் தேடிப் படித்தேன். அதே ஆய்வில் இலேசான நோயுள்ள 30 வயதினருக்கு 1.29 மடங்குதான். 60 வயதானவர்களுக்குக் கடுமையான நோயிருந்தால் 1.36, இலேசாக இருந்தால் 1.08. இங்கே கடுமையானது என்று அவர்கள் வகுத்தது, மாத்திரை, ஊசி போன்று உடல் முழுதும் செயல்படும் சிகிச்சை பெற்றவர்களை. பூச்சு மருந்தோடு இருப்பவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை.

மேலும், மூன்று மடங்கு என்றால் எதன் மூன்று மடங்கு? முப்பது வயதில் மாரடைப்பு வருவது மிக அரிது. அரிதானதை மூன்றால் பெருக்கினாலும் அரிதாகவே இருக்கும். அறுபது வயதில் 1.36 என்பது பார்வைக்குச் சிறிதாகத் தெரிந்தாலும், பெருக்கப்படும் தொகை பெரிது என்பதால் ஆள்கணக்கில் அதுவே அதிகமாக இருக்கலாம். மடங்கை மட்டும் சொல்லி மனிதரைப் பயமுறுத்துவதை என் தொழிலிலும் பார்த்திருக்கிறேன். இலாபம் இருமடங்கு என்பார்கள், ஒரு ரிங்கிட் இரண்டு ரிங்கிட் ஆகியிருக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் மருந்தாளுநர் எழுதியது:

அண்ணன் மிகச் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். இதில் நான் சேர்க்க ஒன்றுதான் உண்டு. 2018ஆம் ஆண்டின் அமெரிக்கக் கொழுப்பு நெறிமுறை, சொரியாசிஸையும் மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்தையும் ‘அபாயத்தைக் கூட்டும் காரணி’ என்று வைக்கிறது, சி.ஆர்.பி. 2 அல்லது அதற்கு மேல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது. அதாவது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று மருத்துவர் தயங்கும் நடுத்தர நிலையில் தராசை ஒரு பக்கம் சாய்க்க உதவும். அதற்கு மேல் அவற்றுக்கு அந்த நெறிமுறையில் வேலையில்லை.

பட்டர்வொர்த் மகள் எழுதியது:

வணக்கம். இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் அப்பாவுக்கு 63 வயது. சொரியாசிஸுக்காக வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எடுக்கிறார். சென்ற ஆண்டு மாரடைப்பு வந்து, இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதன்பிறகு கொடுத்த மருந்துகளில் ஒன்று தொடங்கியதிலிருந்து தோல் மோசமாகிவிட்டது என்று சொல்லி, அந்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்தப் பார்க்கிறார். அது பீட்டா தடுப்பான் வகை என்று உறையில் இருக்கிறது. தோலுக்கும் இதயத்துக்கும் அழற்சி பொது என்றால், மெத்தோட்ரெக்சேட்டே இதயத்தையும் காத்துவிடும் என்று ஓர் உறவினர் வேறு சொல்லியிருக்கிறார். அப்படியா?

பிரிக்பீல்ட்ஸ் மருந்தாளுநர் எழுதியது:

தங்கச்சி, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா எக்காரணம் கொண்டும் பீட்டா தடுப்பானைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மாரடைப்பு வந்தவர் அப்படி நிறுத்துவது ஆபத்து. அவர் சொல்வதிலும் பொய்யில்லை. அவ்வகை மருந்து சிலருக்குச் சொரியாசிஸைத் தூண்டும். அதை இதய மருத்துவரிடம் சொன்னால் மாற்று மருந்தைப் பற்றி அவரே முடிவு செய்வார். தோல் மருத்துவரின் அட்டையையும் இதய மருத்துவரின் அட்டையையும் ஒரே பையில் போட்டு இருவரிடமும் காட்டுங்கள். இரண்டு மருத்துவமனைகள் தமக்குள் பேசிக்கொள்ளும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

உறவினர் சொன்னதைப் பலர் நம்பியதுண்டு, ஆராய்ச்சியாளர்களும் நம்பினார்கள். மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் முடக்குவாத நோயாளிகளுக்கு மாரடைப்பு குறைவாக இருப்பதைப் பதிவேடுகளில் கண்டு, அதை நேரடியாகச் சோதித்தார்கள். சர்ட் என்ற அந்தச் சோதனையில் 4,786 இதய நோயாளிகள் பங்கேற்றார்கள். முடிவு 2018இல் வந்தது: பலன் இல்லை. மாரடைப்பும் குறையவில்லை, இன்டர்லூக்கின்-6உம் சி.ஆர்.பி.யும்கூடக் குறையவில்லை. அவர்கள் சொரியாசிஸ் நோயாளிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதால் உங்கள் அப்பாவின் தோலுக்கு மருந்து வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. இதயத்துக்காக அதை நம்பியிருக்க முடியாது என்பதே பொருள்.

இதற்கு ஓராண்டு முன், கான்டோஸ் என்ற சோதனையில் வேறொரு கதை நடந்தது. மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி. 2க்குக் குறையாமல் இருந்த 10,061 பேரில் ஒரு பகுதியினருக்கு இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனாக்கினுமாப் என்ற ஊசியைப் போட்டார்கள். கெட்ட கொழுப்பு ஓர் இம்மியும் குறையவில்லை. ஆனால் 150 மில்லிகிராம் அளவு பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை சேர்ந்து 15 விழுக்காடு குறைந்தன. விர்ஹோ சொன்னது மனிதரிடம் நிரூபணமான நாள் அதுதான் என்று நினைக்கிறேன். விலையும் கொடுக்க வேண்டியிருந்தது: உயிரைப் பறிக்கும் கிருமித்தொற்று கூடியது, மொத்த இறப்பில் வேறுபாடு இல்லை.

மூட்டுவலிக்கான பழைய மருந்தாகிய கோல்ச்சிசின் இப்போது பேசப்படுகிறது. இதய நோயாளிகளுக்கு நாளுக்கு 0.5 மில்லிகிராம் கொடுத்த இரண்டு சோதனைகளில் 2019இலும் 2020இலும் நல்ல பலன் தெரிந்தது. 2023இல் அமெரிக்கா இதை இதயத்துக்காகக் கொடுக்க ஒப்புதல் வழங்கியது. 2024இல் மாரடைப்பு வந்த உடனே தொடங்கிய 7,062 பேரின் சோதனையில் பலன் தெரியவில்லை. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு இது நஞ்சாகலாம். அண்டை வீட்டாரின் மூட்டுவலி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம்மவர்களிடம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சொரியாசிஸுக்கான உயிரியல் ஊசிகளின் நிலையும் இதேபோல் கலவையானதே. பதிவேடுகளில் டி.என்.எஃப்.ஐத் தடுக்கும் ஊசி பெற்றவர்களுக்கு மாரடைப்பு குறைவு. ஆனால் ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்துத் தமனி அழற்சியை ஸ்கேனில் பார்த்தபோது டி.என்.எஃப்.ஐத் தடுக்கும் அடாலிமுமாபும் சரி, இன்டர்லூக்கின்-17ஐத் தடுக்கும் செகுகினுமாபும் சரி, பொய்மருந்தைவிடப் பெரிதாக எதையும் மாற்றவில்லை. தோல் பளிங்காகிவிட்டதென்று தமனியும் அப்படியே என எண்ணிவிடக் கூடாது.

ஈப்போ சாலைப் பெரியவர் எழுதியது:

காளாஞ்சகப்படை என்று சித்த மருத்துவத்தில் பெயருள்ள நோய் இது. வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால், சில நாளில் எண்ணெய் கத்தரிப்பூ நிறமாகும். அதைப் பூசி எத்தனையோ பேர் நலமடைந்திருக்கிறார்கள். உள்ளே அழற்சி, வெளியே அழற்சி என்று இரத்தத்தைச் சோதித்துக்கொண்டிருப்பதற்கு முன் அதைச் செய்து பாருங்கள்.

பழைய நுண்நோக்கி எழுதியது:

ஐயா, அந்தக் கத்தரிப்பூ நிறத்தை என் பாட்டி வீட்டுத் திண்ணையில் நானும் பார்த்திருக்கிறேன். தோல் வறட்சிக்கு எண்ணெய் நல்லதே, நமைச்சல் அடங்கும். தமனிக்குள் அது எட்டாது. என் அச்சம் வெட்பாலையைப் பற்றியதன்று. பெயரில்லாத டப்பாவில் ‘மூலிகை’ என்று விற்கப்படும் களிம்புகளையும் உருண்டைகளையும் பற்றியது. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு உட்கொண்டு திடீரென்று நிறுத்தினால் சொரியாசிஸ் சீழ்க்கொப்புளங்களாக உடலெங்கும் வெடிக்கலாம். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். பெட்டியில் ‘மால்’ என்று தொடங்கும் பதிவெண்ணும் ஒளிரும் முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

ஜெலுத்தோங்வாசி எழுதியது:

ஏழு வாரம் கழித்து மீண்டும் வருகிறேன்; தாமதத்திற்கு மன்னிக்கவும்.

இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை சி.ஆர்.பி. எடுத்தேன். 2.9, பிறகு 2.5. பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஆனாலும் 2ஐத் தாண்டித்தான் நிற்கிறது. இடையில் ஒன்று நடந்தது. தைப்பூசம் முடிந்து மூன்றாவது வாரம் முதுகில் அரிப்பெடுத்தது. மனைவி கைப்பேசியில் படமெடுத்துக் காட்டினார்: எலுமிச்சம்பழங்கள் தொங்கிய இடங்களில், கொக்கி கொக்கியாக, இரண்டு வரிசையில் சிவந்த தடிப்புகள், மேலே வெள்ளைச் செதில். காயம் பட்ட இடத்தில் சொரியாசிஸ் முளைப்பது கோப்னர் விளைவு என்று தோல் மருத்துவர் சொன்னார். பதினான்கு ஆண்டுகளில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் காவடி எடுப்பதைச் சொன்னதில்லை.

அரசு சுகாதார கிளினிக்கிலும் பார்த்தேன். அங்கிருந்த இளம் மருத்துவர் சி.ஆர்.பி. தாளை ஒரு நொடி பார்த்து மடித்து வைத்துவிட்டு, இரத்த அழுத்தக் கருவியை என் கையில் சுற்றினார். 148க்கு 94. அடுத்த வாரமும் ஏறத்தாழ அதேதான். கெட்ட கொழுப்பு லிட்டருக்கு 4.1 மில்லிமோல். இடுப்புச் சுற்றளவு 102 சென்டிமீட்டர். அப்பாவின் வயதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஸ்டாட்டின் தொடங்கியிருக்கிறார்; அழுத்தத்தை வீட்டிலேயே அளந்து குறிப்பேட்டில் எழுதிவரச் சொல்லியிருக்கிறார். இவை அனைத்தும் நிறுவனத்தின் அந்தத் தாளிலும் இருந்திருக்கின்றன. அவற்றைக் கறுப்பு மையில் அச்சிட்டிருந்ததால் நான் படிக்கவில்லை.

அடுத்த ஆண்டு பால்குடம் மட்டும் எடுப்பதாக முருகனிடம் சொல்லியிருக்கிறேன்.

பட்டர்வொர்த் மகள் எழுதியது:

அண்ணன் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. அப்பாவுக்கு அந்த மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு அட்டைகளையும் ஒரே பையில் கொண்டுபோனேன்.

பழைய நுண்நோக்கி எழுதியது:

தம்பி, பால்குடம் என்றாலும் 513 படிகள் அப்படியேதான் இருக்கும். அடுத்த ஆண்டு இரத்தம் எடுக்கும் நாளைத் தைப்பூசத்துக்கு முன்பாகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.